அணுபுரத்துக்கு டயல் செய்தேன்

பெரியம்மா இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதை என் காதல் கதையாகத்தான் சொல்கிறார். காதலும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. அது டாங்கிச் சண்டை.

செங்கல்பட்டில் அத்தா, அதாவது என் அப்பா, பெயிண்ட், ஆணி விற்கும் கடை வைத்திருந்தார். கணக்குப் போட வாங்கிய கம்ப்யூட்டர், கடையில் தூசி அதிகம் என்று மோடமோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இன்டர்நெட் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஒரு மோடமிலிருந்து இன்னொரு மோடமுக்கு நேராக போன் போட்டு இரண்டு பேர் கம்ப்யூட்டர் கேம் ஆடலாம். என் வகுப்பில் மோடம் வைத்திருந்த இன்னொரு ஆள், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்காரர்கள் குடியிருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸ் பையன் ஒருவன்தான். பள்ளியில் நேரம் குறித்துக்கொள்வோம். சாயங்காலம் நான் டயல் செய்வேன். மோடம் கீச்சிட்டுக் கரகரத்து அடங்கியதும் திரையில் என் பச்சை டாங்கியும் அவனுடைய சிவப்பு டாங்கியும் வந்து நிற்கும்.

தினமும் போன் என்கேஜ்டாக இருந்தால் வீட்டில் சும்மா இருப்பார்களா? மாடியில் இருந்த பெரியம்மாவிடமும் அதே லைனில் ஒரு போன் இருந்தது. கையும் களவுமாகப் பிடிக்க ஒரு நாள் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். வெறும் இரைச்சல்தான் கேட்டது, லைன் அறுந்தது. முதல்முறையாக நான் ஜெயிக்கப்போன நேரம் அது.

யாருக்குப் போன் என்று என்னிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, பெரியம்மா விஷயத்தை அத்தாவிடம் கொண்டுபோனார்.

"அந்தப் பையன் கூட இன்னா பேசிக்கினு இருந்த?"

"பேசவே இல்லத்தா. சுட்டுக்கினு இருந்தோம்."

"ஆடணும்னா பொம்பளப் புள்ள கூட ஆடு."

"பொம்பளப் புள்ளைங்களுக்கு யார் வூட்ல மோடம் வாங்கிக் குடுத்துகீறாங்க?"

மறுநாள் காலை கம்ப்யூட்டரும் மோடமும் அத்தாவின் கடைக்கே திரும்பிப் போயின. ராத்திரியோடு ராத்திரியாகத் தூசி குறைந்துவிட்டது போலிருக்கிறது.

அன்று பள்ளியில் அவனிடம் வழக்கமான நேரத்தையே சொன்னேன். சாயங்காலம் சீருடையோடு நேராகக் கடைக்குப் போனேன். எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அந்தப் படி ஏறியதில்லை. சாமான் வாங்க வந்த அத்தனை ஆண்களுக்கும் நடுவில், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடை போன் லைனில் மோடமைச் செருகி டயல் செய்தேன். மோடம் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது.

"எழுந்து வூட்டுக்குப் போ," என்றார் அத்தா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"இங்கயே ஆடறேன்த்தா. எல்லாரும் பாக்கட்டும். பெரிம்மாவையும் கூப்ட்டு உக்கார வைங்க."

அத்தாவின் கை பிளக் வரை போனது. பெயிண்ட் டப்பாவோடு நின்ற ஒருவர் எட்டிப் பார்த்து, "பாப்பா எது, பச்சையா சேப்பா?" என்று கேட்டார்.

"பச்சை," என்றேன் திரும்பாமல்.

அத்தா பிளக்கைப் பிடுங்கவில்லை. கடை முழுக்கப் பார்க்க நான் தோற்றேன்.

மறுநாளும் போனேன்.