அந்தச் சாலையில் மேசை இல்லை

எங்கள் பாடப்புத்தகத்தில் அது மூன்று வரி. போர் முடியப்போகிற குளிர்காலத்தில் நாஜிகள் வதைமுகாம்களைக் காலி செய்தார்கள், கைதிகளைப் பனியில் நெடுந்தூரம் நடத்திச் சென்றார்கள், வழியில் பெருந்தொகையானோர் இறந்த இந்தப் பயணங்கள் சாவு நடைகள் எனப்படும். அடுத்த பத்தியில் போர் முடிந்து எல்லோரும் கொடி அசைக்கிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளைகள் அந்த மூன்று வரிக்கும் மஞ்சள் மை பூசி, பரீட்சையில் எழுதி, மறந்துவிடுவார்கள். மொன்றியலில் வரலாறு படிப்பிக்கத் தொடங்கிய நாள் முதல் எனக்கு அந்த மூன்று வரியோடு சண்டை.

போன வருடம் துணை அதிபரிடம் போய் ஐந்து வகுப்புகள் கேட்டேன். நல்ல மனுசி, ஆனால் கால அட்டவணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுப்பவர். ஒன்று தரலாம் என்றார். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். பிள்ளைகள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது, தாங்களே எதையாவது செய்து உணர வேண்டும். பெற்றோரிடமிருந்து முறைப்பாடு எதுவும் வரக் கூடாது. வந்தால் ஐந்தும் போய்விடும், பழையபடி மூன்று வரிதான்.

"ஒரு நடை வைக்கலாமே," என்றார். "சாப்பாடு இல்லாமல், தண்ணீர் இல்லாமல், பேசாமல். அவர்களுக்கு விளங்கும்."

இதற்கு நான் தலையாட்டியதுதான் முட்டாள்தனம். ஐந்து வகுப்பு கிடைக்கிறதே என்ற ஆசை ஒரு காரணம். மற்றது கர்வம். பதினைந்து வயதில் நானும் ஒரு நடை நடந்தவள். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாம் குண்டுக்குப் பயந்து ஒன்றாக வெளிக்கிட்டு, மழையில், ஒரே வீதியில் நெருக்கியடித்துக்கொண்டு போன நடை. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்திருக்கிறது, இவர்களுக்கும் கொஞ்சம் வரப்பண்ணினால் என்ன என்று நினைத்தேன்.

முதல் இரண்டு வகுப்புகளில் வரைபடமும் படங்களும் காட்டினேன். மூன்றாவது வகுப்பு நடை. வீட்டுக்கு ஒரு சம்மதப் படிவம் அனுப்பினேன். முகாம்களிலிருந்து நடத்திச் செல்லப்பட்டு இறந்தவர்களின் நினைவாக மாணவர்கள் ஆறு கிலோமீற்றர் நடப்பார்கள், நடை முடியும்வரை உணவோ பானமோ கிடையாது என்று எழுதி, பாதையையும் போட்டிருந்தேன். புவாண்ட்-கிளேரில் எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஏரிக்கரை வீதியால் போய், தேவாலயத்தைச் சுற்றித் திரும்புவது. எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

ஜனவரிக் கடைசி. பூச்சியத்துக்குக் கீழே பதினொன்று. கைபேசிகளை ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, இருபத்தாறு பிள்ளைகளோடு வெளிக்கிட்டேன். முதல் கிலோமீற்றர் எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடந்தார்கள். இரண்டாவதில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்தது. அது பின்வரிசைவரை பரவியது. ஒருவன் பக்கத்தில் வந்து, மூலையில் இருக்கிற தெப்பனேர் கடையில் சூடான சொக்லேற் விற்பார்கள், அது பானமா உணவா என்று பணிவாகக் கேட்டான். அவன் போட்டிருந்த சப்பாத்தைப் பார்த்தேன். முழங்கால்வரை உயரம், உள்ளே தடித்த கம்பளி. இந்தப் பிள்ளைகள் மூன்று மணிக்கு வீட்டுக்குப் போவார்கள் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். களைத்துக் குந்தினால் சுட்டுவிடுவார்கள் என்ற பயமில்லாத நடைக்குப் பெயர் உலாத்தல். அப்போதே திரும்பியிருக்க வேண்டும். பிடிவாதத்தில் நடத்திக்கொண்டு போனேன்.

தேவாலயத்தின் வாகனத் தரிப்பிடத்தில் ஒரு மடக்கு மேசை நின்றது. மேசையில் இரண்டு பெரிய சுடுதண்ணீர்ப் போத்தல்கள், காகிதக் குவளைகள், ஆவி பறக்கிற ஒரு சட்டி. பின்னால் என் மாணவி ஒருத்தியின் தாய். பொருட்கிடங்கில் வேலை செய்பவர், யாழ்ப்பாணத்துக்காரி, அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார். பக்கத்தில் இன்னொரு மாணவனின் தகப்பன், சென்னைக்காரர், பொறியியலாளர். மேசை அவருடையது.

"வாங்கோ பிள்ளையள்," என்று தாய் கையைக் காட்டினார். "மல்லிக் கோப்பி சுடச்சுட இருக்கு. முதல் குடியுங்கோ, பேந்து நடக்கலாம்."

"மேடம், நீங்களும் ஒரு கப் எடுத்துக்கோங்க," என்றார் தகப்பன். "நடக்கறவங்களுக்குக் குடுத்தா புண்ணியம்."

எனக்கு உடனே விளங்கியது. செத்தவர்களின் நினைவாக நடை, வழியில் குடிக்க ஒன்றுமில்லை என்று படிவத்தில் வாசித்திருக்கிறார்கள். குடிக்க ஒன்றுமில்லை என்றால் நாங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதுதான் அதற்கு ஒரு தமிழர் எடுக்கிற அர்த்தம். திருவிழாவுக்கு நடந்து போகிறவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டுப் பழகிய கைகள். இங்கே பனி என்பதால் மோருக்குப் பதிலாக மல்லிக் கோப்பி, சட்டியில் தாளித்த கடலை.

வாயைத் திறப்பதற்குள் வரிசை கலைந்துவிட்டது. இருபத்தாறு பேரும் கடலையை அள்ளிக்கொண்டு நின்றார்கள். நானும் ஒரு குவளை குடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, குளிர் எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. அந்தத் தாய் ஆசை ஆசையாய் ஒரு படம் எடுத்து, வகுப்புப் பெற்றோரின் வாட்ஸப் குழுவில் கூப்பிய கை இமோஜியோடு போட்டுவிட்டார்.

மறுநாள் காலை ஒரு கடிதம் வந்தது. என் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய் எழுதியிருந்தார். யூதக் குடும்பம். அவருடைய பெரியப்பா அந்த நடைகளில் ஒன்றில் போனவர், திரும்பி வரவில்லை. கடிதத்தில் வசவு எதுவும் இல்லை. படத்தைப் பார்த்ததாகவும், அந்தச் சாலையில் மேசை எதுவும் இருக்கவில்லை என்றும் மட்டும் எழுதியிருந்தார். வாசித்துவிட்டுக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். வெட்கம் என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது.

துணை அதிபர் கூப்பிட்டார். கடிதம் எழுதிய தாய் பிற்பகல் வருகிறார், மன்னிப்புக் கேட்போம், மிச்சம் இரண்டு வகுப்பையும் விட்டுவிடுவோம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்களும் இப்படி ஒரு நடையில் வந்தவர்தானே. அதை அவரிடம் சொல்லுங்கள். கோபம் தணியும்."

நான் எழும்பி வந்துவிட்டேன். மதிய இடைவேளையில் என் கோபத்தை எல்லாம் மல்லிக் கோப்பிக்காரியிடம் கொட்டினேன். தொலைபேசியில் கூப்பிட்டு, வந்த கடிதத்தைச் சொல்லி ஒரு மூச்சு கத்தினேன். படிவத்தை வாசிக்கவில்லையா, யார் உங்களைக் கேட்டது, என் பாடத்தையே நாசமாக்கிவிட்டீர்கள் என்றேன்.

"படம் போட்டது பிழைதான் ரீச்சர்," என்றார். "அந்த அம்மாவிட்டை நான் நேரிலை வந்து மன்னிப்புக் கேக்கிறன். ஆனால் பிள்ளையள் பசியோடை நடக்கிறது தெரிஞ்சும் எப்பிடிப் பேசாமல் இருக்கிறது? ஒருத்தரும் ஒண்டும் குடுக்கக் கூடாது எண்டு ஒரு சட்டமோ?"

"ஓம். சட்டம்தான் அக்கா. குடுத்தவைக்கும் அடி விழுந்தது."

"அப்ப அந்த றோட்டுக்கரை வீட்டுக்காரர் என்ன செய்தவை?"

அந்தக் கேள்வியை மேசையில் கிடந்த தாளில் குறித்துக்கொண்டேன்.

"நீங்கள் நடந்து வரேக்கை ஒருத்தரும் தண்ணி தரேல்லையோ?" என்றும் கேட்டார்.

தந்தார்கள். வழியில் ஒரு பாலம் தாண்டியதும் ஒரு வீட்டு வாசல் படலையில் யாரோ வாளி நிறையத் தேத்தண்ணி வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குவளையால் கோலிக் கொடுத்தார்கள். எங்களைத் துரத்தியது குண்டுப் பயம். ஆனால் களைத்துக் குந்தியவரை யாரும் சுடவில்லை, கொடுத்தவரை யாரும் அடிக்கவில்லை. என் நடை என் நடை. அதை எடுத்துப்போய் இன்னொருத்தியின் துக்கத்துக்குப் பக்கத்தில் வைத்து, பார், நானும்தான் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

பிற்பகல் கடிதம் எழுதிய தாய் வந்தார். மேலங்கியைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். துணை அதிபர் தொடங்குவதற்கு முன் நான் தொடங்கினேன்.

"நடை வைத்தது என் பிழை. மேசை போட்டவர்களின் பிழை அல்ல. பட்டினியை நடித்துக் காட்டலாம் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் பாடம் எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். மிச்சம் இரண்டு வகுப்பும் எனக்கு வேண்டும்."

துணை அதிபரின் பேனா கீழே விழுந்தது. மேசைக்குக் கீழே என் காலை மிதிக்கப் பார்த்தார் என்றும் சந்தேகப்படுகிறேன்.

"இரண்டு வகுப்பில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் அந்தத் தாய்.

"நடந்தவர்களாக நடிக்கச் சொல்ல மாட்டேன். அது யாராலும் முடியாது. அவர்கள் நடந்துபோன ஊர்களில் சன்னல்கள் இருந்தன. பகலில், தெரு நடுவே நடத்திக்கொண்டு போனார்கள். சன்னலுக்குப் பின்னால் நின்றவர்களைப் பற்றிக் கேட்பேன். இந்தப் பிள்ளைகள் எல்லோரிடமும் சன்னல் இருக்கிறது."

அவர் மேலங்கியைக் கழற்றி மடியில் வைத்தார். கடைசி வகுப்புக்குத் தானும் வந்து பின்னால் இருப்பதாகச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார் துணை அதிபர்.

நான்காவது வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, தங்கள் தெருவை வரையச் சொன்னேன். வீடுகள், சன்னல்கள், யார் யார் வீட்டில் இருப்பார்கள் என்று. இல்-பிசார் தீவிலிருந்து வருகிற ஒருவன் கையை உயர்த்தினான். "எங்கள் தெருவுக்கு பஸ்ஸே வராது, மிஸ். ஒருவரும் நடந்து போக மாட்டார்கள்."

"உங்கள் வாசலில் மூன்று கமரா இருக்கே," என்றாள் பின்வரிசையில் இருந்த ஒருத்தி. "பார்க்கவில்லை என்று நீ சொல்ல முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. நான் சொன்னேன்: பின்னேரம் மூன்று மணி. மெல்லிய கோடுபோட்ட உடுப்போடு, மரக்கட்டைச் செருப்போடு, உங்கள் வீட்டுக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் போகிறார்கள். ஒருவர் உங்கள் வாசலில் விழுகிறார். காவலன் துவக்கோடு வருகிறான். நீங்கள் என்ன செய்கிறீர்கள்? காப்பாற்றுவேன் என்று ஒரு வார்த்தையில் எழுதினால் கிழித்துப் போடுவேன். வீட்டில் யார் இருக்கிறார்கள், கையில் என்ன இருக்கிறது, எதை இழப்பீர்கள், எல்லாம் எழுத வேண்டும்.

அப்போது உண்மையில் என்ன நடந்தது என்று ஒருத்தி கேட்டாள். தப்பி வந்தவர்கள் சொல்லியிருப்பதைச் சொன்னேன். பாண் துண்டையோ உருளைக்கிழங்கையோ எறிந்தவர்கள் இருந்தார்கள். வாளியில் தண்ணீர் கொண்டுவந்து உதை வாங்கியவர்கள் இருந்தார்கள். காறித் துப்பியவர்களும் இருந்தார்கள். நிறையப் பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடலை தின்ற வகுப்பு அது. எல்லோரும் குனிந்து எழுதத் தொடங்கினார்கள்.

ஐந்தாவது வகுப்புக்கு அந்தத் தாய் வந்து கடைசிக் கதிரையில் இருந்தார். துணை அதிபர் கதவோரம் நின்றார். விருப்பமானவர்கள் வாசிக்கலாம் என்றேன். ஒருவன் மேல்மாடியிலிருந்து போர்வை எறிவேன் என்றான். மல்லிக் கோப்பிக்காரியின் மகள், தன் தாய் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிடுவார், தாயைப் பிடித்து இழுப்பதுதான் தன் வேலையாக இருக்கும் என்றாள். மூன்றாவதாக எழும்பியவள், பின்னால் இருந்த தாயின் மகள். திரும்பிப் பார்க்காமல் வாசித்தாள்.

"என் தம்பிக்கு ஏழு வயது. அவன் சன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறான். என்னிடம் பாண் இருக்கிறது. காவலன் எங்கள் வாசலைப் பார்க்கிறான். நான் தம்பியை இழுத்துவிட்டுத் திரையை மூடுகிறேன்."

வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டாள். பின்னால் கதிரை அசைகிற சத்தம் கேட்டது. அவள் தாய் எழும்பி வெளியே போனார். துணை அதிபர் பின்னாலேயே போனார். சரி, முடிந்தது, எல்லாம் என் வாயால் வந்த வினை என்று நினைத்தேன். ஆனாலும் மணி அடிக்கும்வரை வகுப்பை விடவில்லை. இன்னும் ஏழு பேர் வாசித்தார்கள். அவர்களிலும் நான்கு பேர் திரையை மூடினார்கள்.

வெளியே வந்தபோது அந்தத் தாய் நடைகூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"வீட்டில் பெரியப்பாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாங்கள் மனதில் அவரோடு நடந்தோம்," என்றார். "என் மகளும் வேறு எங்கும் நின்றதில்லை. இன்றைக்குச் சன்னலில் நின்றாள். எனக்குத் தாங்கவில்லை."

"மன்னியுங்கள்," என்றேன்.

"வேண்டாம். நிறுத்திவிடாதீர்கள்." இதைத் துணை அதிபரைப் பார்த்துத்தான் சொன்னார்.

துணை அதிபர் என்னைப் பார்த்தார். "அடுத்த வருடமும் ஐந்துதானே?"

"ஐந்து," என்றேன். "நடை கிடையாது."

அந்த நேரம் மகள் வகுப்பிலிருந்து வந்தாள். தாயைக் கண்டதும் நின்றுவிட்டாள். கோபமா என்று தயங்கிக் கேட்டாள். தாய் அவளுடைய மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிவிட்டார்.

"கோபமில்லை," என்றார். "திரையை மூடிய பிறகு என்ன செய்தாய்? அதை எனக்கு வீட்டில் சொல்."