கயத்தாறு கேபிளுக்குள் ஒரு மரம்

நான் கோவில்பட்டிக்குப் போனது ஒரு செத்த கேபிளைப் பார்க்க. சிரிக்காதீர்கள். கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை, மின்னழுத்தத்தைத் தாங்கித் தாங்கி எப்படி மூப்படைகிறது என்று மூன்று வருடமாகக் கணினியில் கணக்குப் போடுகிறேன். உள்ளே முடியளவு கீறல் தோன்றி, மரம்போலக் கிளைவிட்டு, கடைசியில் உறை வெடிக்கும். திரையில் என் மரம் ஜோராக வளர்கிறது. "நிஜக் கேபிளில் காட்டு, அப்புறம் ஆய்வேட்டைக் கொடு" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். போன மே மாதம், கயத்தாறு காற்றாலை ஒன்றில் பூமிக்கடியில் கேபிள் வெடித்ததாகத் தகவல் வந்தது. அன்றைக்கே ரயில் ஏறினேன்.

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். திருநெல்வேலி பஸ்களில் சில அங்கே நிற்காது, கேட்டு ஏறுங்கள். ஜன்னலுக்கு வெளியே கரிசல் மண், கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

காற்றாலையின் கேபிள் ஃபிட்டர் சண்முகம் அண்ணாச்சி, பளபளவென்று துடைத்த ஒரு கேபிள் துண்டை நியூஸ் பேப்பரில் சுற்றி வைத்திருந்தார்.

"வெடிச்ச எடம் எங்க அண்ணாச்சி?"

"அத பழைய இரும்புக்குப் போட்டாச்சு தங்கச்சி. மெட்ராஸ்ல இருந்து வாரீங்க, கருகினதயா கையில குடுக்கது? பக்கத்துலயே நல்ல துண்டா பாத்து வெட்டி வச்சிருக்கேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் வந்ததற்கு ஒரு டீயாவது குடிக்கலாமென்று அண்ணாச்சியோடு டீக்கடையில் உட்கார்ந்து, கைவேலையாக அந்த நல்ல துண்டின் உறையை பிளேடால் மெல்லிசாகச் சீவினேன். மூன்றாவது சீவலை வெயிலில் பிடித்து லென்ஸ் வழியே பார்த்தவள், டீயைக் கொட்டிவிட்டேன்.

மரம்! கம்பியை ஒட்டி வேர், வெளியே பழுப்புக் கிளைகள், முக்கால்வாசி தூரம் வந்து நின்றிருந்தது. என் திரையில் இருக்கும் அதே மரம். வெடித்த இடம் கிடைத்திருந்தால் கரியைத்தான் பார்த்திருப்பேன்!

சிரித்துக்கொண்டே லென்ஸை வாங்கிப் பார்த்த அண்ணாச்சிக்குச் சிரிப்பு நின்றது. "இன்னும் கொஞ்சம் வளந்தா இதுவும் வெடிக்குமோ?"

"ஆமா அண்ணாச்சி, கண்டிப்பா."

"மிச்சக் கேபிள காலையிலதான் ஜாயிண்ட் போட்டு, கரண்டு விட்டிருக்கேன். பயலுவ அங்கன பக்கத்துலதான் குழிய மூடிட்டு நிக்கானுவ!"

உங்களுக்கு என் யோசனை: புது பிளேடும் லென்ஸும் எடுத்துப் போங்கள், வெடிக்காத துண்டையும் கேட்டு வாங்குங்கள். ஆய்வேட்டை அப்புறம் கொடுத்துவிட்டேன். ஆனால் நினைவில் நிற்பது அதுவல்ல. அன்று அந்த டீக்கடையிலேயே அண்ணாச்சி செல்போனில், "ஏலே, லைன ஆஃப் பண்ணுங்கலே! எல்லாரும் குழிய விட்டு வெளிய வாங்க!" என்று கத்தினார். என் கணக்கை நம்பி ஒருவர் செய்த முதல் காரியம் அதுதான்.