ஆஃப் அண்ணன் வைத்த மாட்டுக்கறி

என் தங்கை புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேரை ஏற்றி இறக்குகிற மனுஷன் குடியிருப்பது மட்டும் லிஃப்டே இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடி. கேட்டால், "வீட்லயும் அதையே பாத்துட்டு இருக்கணுமாக்கா?" என்பார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத ஆள். ஆனால் சுவிட்ச் விஷயத்தில் மட்டும் அவரோடு யாரும் பேசி ஜெயிக்க முடியாது. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் கரண்டை நிறுத்தாமல் இறங்கினால் உயிரோடு ஏறி வரமாட்டான் என்பது அவருடைய தொழில் பாடம். அந்தப் பாடம் மூளையிலிருந்து இறங்கி வலது கையில் தங்கிவிட்டது. எந்த இடத்தை விட்டுக் கிளம்பினாலும் அந்தக் கை சுவரைத் தடவி, கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் அணைத்துவிட்டுத்தான் வெளியே வரும். வேலை செய்கிற இடத்தில் ஆஃப் அண்ணன் என்றால்தான் தெரியும். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டுப் போய்ப் பால் திரிந்த கதை, சார்ஜில் போட்டிருந்த என் போனைச் சாகடித்த கதை எல்லாம் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

என் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன் செய்து, அதற்கப்புறம் மருந்து ஏற்றினார்கள். மருந்து நோயைத் தின்றதோ இல்லையோ, அவள் பசியைத் தின்றுவிட்டது. எதைக் கொடுத்தாலும், "மண்ணு மாதிரி இருக்குக்கா" என்று தட்டைத் தள்ளிவிடுவாள். சூப்பு, முட்டை, பழம், ரொட்டி என்று ஆஃப் அண்ணன் தலைகீழாக நின்று பார்த்தார். ஒரு வாய் வைப்பாள். அடுத்த வாய்க்கு அவர் கெஞ்சுவார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கையில் வளையல் முழங்கைக்கு ஏறி நிற்கும் அளவுக்கு இளைத்துவிட்டாள்.

கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "அடுத்த தடவை வரும்போது எடை இன்னும் இறங்கியிருந்தா, மூக்கு வழியா குழாய் விட்டுடலாம். வேற வழியில்ல. அதுவரைக்கும் வாய்க்குப் பிடிச்சதைக் கொடுங்க. காரமா கேட்டாலும் பரவாயில்ல, கொடுங்க." மூக்கு வழியாகக் குழாய் என்பதை, ஜன்னலுக்குத் திரை போடுவதைப் போலச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அவருக்கும் நூறு நோயாளி என்று அடக்கிக்கொண்டேன்.

தங்கை ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் குழாயோடு இருந்த பெண்ணைப் பார்த்தவள். வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அதை மட்டும் போட விட்றாதக்கா, அதோட நான் முடிஞ்சேன்" என்றாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் அவளாகவே வாய் திறந்தாள். "ஏங்க, மாட்டுக்கறியில உருளைக்கிழங்கு போட்டு, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி காரமா வச்சா ஒரு வாய் தின்னலாம்போல இருக்கு. கறி தொட்டா பிரியணும். எனக்கு மெல்லத் தெம்பில்ல." மாதக்கணக்கில் அவள் கேட்ட முதல் சாப்பாடு அது. ஆஃப் அண்ணனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்கே கறிக்கடைக்கு ஓடினார். கடைக்காரரிடம் தொடைக்கறியா, தோள்கறியா என்று தகராறு பண்ணி, கொழுப்பு ஓடிய தோள்கறியாக வாங்கி வந்தார்.

அவர் லிஃப்ட் பார்க்கிற ஒரு கட்டடத்தில் வீடு காலி செய்த குடும்பம் கொடுத்துவிட்டுப் போன ஸ்லோ குக்கர் ஒன்று பரணில் கிடந்தது. உள்ளே கனமான பீங்கான் சட்டி, மேலே கண்ணாடி மூடி. காலையில் பச்சையாகப் போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் வெந்து தயாராக இருக்கும். விடிந்தால் அவருக்கு வேலை, எனக்கும் தையல் கம்பெனியில் வேலை. அவளை அடுப்படியில் நிற்கவைக்க முடியாது. இதை விட்டால் வேறு தோதில்லை.

மறுநாள் காலையில் நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தங்கை வலியில் புரண்டுவிட்டு அப்போதுதான் கண் அசந்திருந்தாள். வதக்கினால் சத்தத்தில் முழித்துவிடுவாள் என்று எதையும் வதக்கவில்லை. உருளைக்கிழங்கைப் பெரிய துண்டாக வெட்டி அடியில் பரப்பினார். அதன்மேல் வெங்காயம், நசுக்கிய பூண்டு, தக்காளி. கறியில் மிளகாய்த்தூள், மிளகு, சீரகம், உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்து மேலே அடுக்கினார். கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, சுவிட்சைப் போட்டார். குக்கரில் சிவப்பு விளக்கு எரிந்ததை நின்று பார்த்தாராம். படுக்கையறைக் கதவைத் திறந்து, "வச்சுட்டேன், மத்தியானத்துலருந்து வாசனை தூக்கும் பாரு" என்று தூக்கத்தில் இருந்தவளிடம் மெல்லச் சொல்லிவிட்டு, ஷூவை மாட்டினார். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டோமே என்று சமையலறைக்குள் போய் எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மத்தியானம் போன் பண்ணிக் கேட்டாராம். "வாசனை வருதா?"

"வருதுங்க" என்றாள். "நல்லா வருது."

அவ்வளவுதான், ஆளைப் பிடிக்க முடியவில்லை. கூட வேலை செய்கிற அத்தனை பேரிடமும், "வீட்ல கறி வேகுது, அவளுக்கு வாசனை வருதாம்" என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கு என்ன புரிந்திருக்கும், பாவம்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து நேராக அங்கே போனேன். மாடிப்படியில் அவரும் ஒரு கட்டு ரொட்டியோடு ஏறிக்கொண்டிருந்தார். "நீங்களும் உக்காந்து சாப்பிடணும்கா, நீங்க சாப்பிட்டாதான் அவளும் சாப்பிடுவா" என்றார். கதவைத் திறந்ததும் எனக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. நாள் முழுக்கக் கறி வெந்த வீடு படிக்கட்டு வரைக்கும் மணக்க வேண்டாமா? ஆனால் அவர் அதற்குள் ரொட்டியோடு உள்ளே ஓடிவிட்டார்.

சமையலறையில் அவர் மூடியைத் தூக்கினார். கறி வைத்தது வைத்தபடி கிடந்தது. மேலே சிவப்பாகத் தண்ணீர் நின்றது, அடியில் உருளைக்கிழங்கு கறுத்துப் போயிருந்தது. அடைத்த வீட்டின் புழுக்கத்தில் பச்சைக்கறியும் பூண்டும் சேர்ந்து வயிற்றைப் புரட்டுகிற ஒரு வாடை அடித்தது. நான் சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் அணைந்திருந்தது.

அவர் தன் வலது கையைத்தான் பார்த்தார். டப்பாவை எடுக்க வந்த கை, போகிற போக்கில் தன் வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. அவருக்கே தெரியாது.

"இப்ப கொதிக்க வச்சா சரியாயிடும்கா" என்றார்.

"என்ன பேசறீங்க மாப்பிள்ளை? நாள் பூரா பச்சையா கெடந்த கறி. அவ இருக்கற இருப்புக்கு இதைக் கொடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடவா?"

"அவ கேட்டுட்டாக்கா. நேத்துக் கேட்டா. நாளைக்குக் கேப்பாளா?"

அவர் அந்தக் கையைப் பாத்திரம் கழுவுகிற தொட்டி விளிம்பில் ஓங்கி ஓங்கி அடித்தார். நான் பிடித்து இழுத்தேன். அப்படியே தரையில் உட்கார்ந்து, அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று சட்டைக் காலரை வாயில் கடித்துக்கொண்டு அழுதார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. கடவுள்மேல்தான் வந்தது. ஒரு வாய்ச் சோறுதானே கேட்டாள், அதற்குக்கூட இப்படியா?

திடீரென்று தலையைத் தூக்கினார். "வாசனை வருதுன்னு சொன்னாளேக்கா?"

இருவரும் படுக்கையறைக்குப் போனோம். தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. நாங்கள் ஒன்றும் சொல்வதற்குள் அவளே பேசினாள்.

"எனக்கு வேணாங்க. டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, குழாயே போடட்டும்."

"ஏம்மா?" என்றார் அவர்.

"காலையிலருந்து இந்த ரூம் கதவைத் திறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன். மூச்சை இழுத்து இழுத்துப் பாத்தேன். ஒண்ணுமே வரல. நாக்குதான் செத்துச்சுன்னு நெனச்சேன், மூக்கும் செத்துப்போச்சு. நீங்க போன்ல அவ்வளவு ஆசையா கேட்டீங்க, இல்லன்னு சொல்ல மனசு வரல. இனிமே எதைத் தின்னு என்ன ஆகப் போவுது? விட்டுடுங்க என்னை."

ஆஃப் அண்ணன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். "வேகவே இல்லம்மா. நான்தான்... இந்தக் கைதான் சுவிட்சை அமத்திட்டுப் போயிருக்கு. அதான் வாசனை வரல. உன் மூக்குக்கு ஒண்ணும் ஆகல."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "எனக்காகக் கதை கட்டாதீங்க. பூண்டு வாசனை வரலங்க, மிளகாய் வாசனை வரல. எனக்குத் தெரியாதா என் உடம்பு?"

"சத்தியமாடி" என்றேன் நான்.

"நீயும் அவரும் படியிலயே பேசி வச்சுட்டு வந்திருப்பீங்க."

நான் மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்து வந்தேன். அவள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். "வேணாம்கா. வராதுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் எனக்கு என்ன இருக்கு?" டப்பாவைப் பிடித்தபடி அசடு மாதிரி நின்றேன். நம்பவும் மாட்டேன், சோதிக்கவும் விடமாட்டேன் என்கிறவளை என்ன செய்வது? அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

ஆஃப் அண்ணன் எழுந்து சமையலறைக்குப் போனார். வரும்போது குக்கருக்குள் இருந்த பீங்கான் சட்டியை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி வந்தார். தண்ணீர் ததும்பிச் சட்டையெல்லாம் சிவப்பு. "பாரும்மா. திரும்பிப் பாரு. பச்சையா கெடக்கு. நான் பொய் சொல்லல" என்று கட்டிலோரம் குனிந்து அதை அவள் தலையணைப் பக்கம் நீட்டினார். கண்ணால் பார்த்தால் நம்புவாள் என்பது அவர் எண்ணம். வேறெதுவும் அவர் யோசிக்கவில்லை.

அவள் திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது. பிறகு சடாரென்று புடவைத் தலைப்பை மூக்கில் வைத்து அமுக்கினாள்.

"சீ! என்னங்க இது, இந்த நாத்தம் நாறுது! எடுங்க அந்தாண்ட!"

தலைப்பு மூக்கிலேயே இருக்க, அவள் மெல்லத் திரும்பி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். தலைப்பை விலக்கி, பயந்து பயந்து மறுபடி மூச்சை இழுத்தாள். குமட்டிக்கொண்டு வந்தது. குமட்டலோடு அழுகையும் வந்தது.

"நாறுதாம்மா?" என்றார் அவர். கண்ணீர் சட்டிக்குள் சொட்டுகிறது, துடைக்கக் கை இல்லை. "நெசமா நாறுதா?"

"நாறுதுங்க."

"இன்னொரு தடவை சொல்லும்மா."

"கொடலைப் புடுங்குற மாதிரி நாறுதுங்க. பூண்டோட சேந்து நாறுது." தலையணையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து உட்கார என் கையைப் பிடித்தாள். "கறிக்கடை சாத்தறதுக்குள்ள ஓடுங்க. போறப்ப எந்தச் சுவரையும் தொடாதீங்க."