பவுடர் போட்ட லென்ஸ்

சென்னையில் பறவைகளைப் பற்றி ஆராயும் அலுவலகம் ஒன்றில் அக்கா அப்போதுதான் சேர்ந்திருந்தாள். வேலை நிரந்தரமாகவில்லை. பொங்கல் லீவுக்கு விருத்தாசலம் வந்தவள் துணிப்பையைவிடப் பெரிய கேமரா பையோடு வந்திறங்கினாள். உள்ளே அலுவலகத்து டெலிபோட்டோ லென்ஸ். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஏரியில் படமெடுத்துவிட்டு, திங்கட்கிழமை பத்திரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எனக்கு அன்றைக்கே கை அரித்தது.

“ஒரே ஒரு காலையில எங்கிட்ட குடுக்கா. குட்டைக்கு மீன்கொத்தி வருது. உன்னவிட நல்லா எடுத்துக் காட்டுறேன்.”

“லென்ஸவிட ஒன் வாயி நீளமா இருக்குது” என்றாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கொடுத்தாள்.

கொடுக்கும்போது ஒரு பாடமும் நடந்தது. லென்ஸ் கனமானது என்பதால் அதன் இடுப்பில் ஒரு வளையம் மாட்டியிருந்தது. வளையத்தின் அடியில் சின்னதாக ஒரு கால். அந்தக் காலைத்தான் ஸ்டாண்டில் பொருத்த வேண்டும். பக்கத்துத் திருகைக் கொஞ்சம் தளர்த்தினால் வளையத்துக்குள் லென்ஸ் சுழலும், படத்தை நெட்டுக்குத்தாக எடுக்கலாம். ரொம்பத் தளர்த்தினால் வளையமே வாயைப் பிளந்து தனியாக வந்துவிடும்.

“இந்தக் கால கைப்பிடின்னு நெனச்சிப் புடிச்சித் தூக்காத. அடியில உள்ளங்கைய வெச்சித் தாங்கு. திருப்புனா உடனே திருக இறுக்கு. எதுனா ஆச்சின்னா எனக்கு அங்க வேல கெடையாது, சொல்லிட்டேன்.”

சரி சரி என்று தலையாட்டினேன். என் மனசு ஏற்கெனவே குட்டைக்கரைக்குப் போய்விட்டிருந்தது.

குட்டை என் காலேஜ் தோழியின் வீட்டுப் பொம்மைப் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. கொலு பொம்மைகளை அச்சில் செய்து சூளையில் சுடுகிற பட்டறை. லீவு என்றால் அவளும் அச்சுப் பிரிக்க உட்கார்ந்துவிடுவாள். பட்டறையின் பின்வாசல் சிமெண்டுத் தரையில் ஸ்டாண்டை விரித்து, கேமராவோடு லென்ஸைப் பொருத்தினேன். மீன்கொத்தி தண்ணீருக்கு நடுவே நட்டிருந்த மூங்கில் கொம்பின் உச்சியில் இருந்தது. கொம்பு முழுதும் வரவேண்டுமானால் நெட்டுக்குத்தாக எடுக்க வேண்டும். திருகைத் தளர்த்திப் பார்த்தேன், இன்னும் தளர்த்தினேன். வளையத்துக்குள் லென்ஸ் அசையவில்லை.

தோழி வெள்ளைக் கைகளோடு எட்டிப் பார்த்தாள். “இன்னாடி மல்லுக்கட்டுற?”

“சுத்த மாட்டேங்குது.”

“ஒட்டிக்கிச்சா? இரு.”

அச்சில் மண் ஒட்டாமல் இருக்க அவர்கள் உள்ளே டால்க் பவுடர் தூவுவார்கள். அந்தப் பவுடர் கட்டிய துணி முடிச்சைக் கொண்டுவந்து, நான் வேண்டாம் என்பதற்குள் வளையத்தின் இடுக்கில் தட்டிவிட்டாள். “எங்க வூட்ல எது ஒட்டுனாலும் இதான் வைத்தியம்.”

உண்மையாகவே வெண்ணெய் மாதிரி திரும்பியது. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்த சந்தோஷத்தில், இனி இறுக்குவானேன் என்று திருகை அப்படியே விட்டுவிட்டேன். மீன்கொத்தி தலைகீழாகப் பாய்ந்தது. அலகில் மீனோடு அது எழும்பிய கணம் கேமராத் திரையில் இருந்தது! கூவினேன். தெருமுனையில் அக்கா வருவது தெரிந்தது. அவளிடம் உடனே காட்டியாக வேண்டும். ஸ்டாண்டிலிருந்து கழற்றினேன். அவசரத்தில் கைக்கு வந்தது வளையத்தின் கால்தான். பெட்டியைத் தூக்குவதுபோல அதைப் பிடித்துத் தூக்கினேன்.

கை சட்டென்று லேசானது.

வளையம் மட்டும் வாயைத் திறந்தபடி என் விரல்களில் தொங்கியது. தரையைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. சத்தம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

லென்ஸும் கேமராவும் பக்கத்திலேயே நின்றிருந்த தோழியின் இரண்டு உள்ளங்கைகளில் கிடந்தன.

பட்டறையில் அச்சைப் பிரிக்கும்போது ஒருவர் மேலே அச்சைத் தூக்குவார், இன்னொருவர் அடியில் இரண்டு கைகளையும் ஏந்தி வைத்திருப்பார். பொம்மை எந்த நொடியில் நழுவும் என்று சொல்ல முடியாது. சின்ன வயசிலிருந்து அடியில் கை வைத்துப் பழகியவள். நான் எதையோ தூக்குகிறேன் என்று கண்டதுமே அவள் கைகள் தம் பாட்டுக்கு அடியில் போயிருக்கின்றன.

“பவுடர் போட்டா உள்ள இருக்கறது வெளிய வரும்டி. அதுக்குத்தான போடறது” என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். வளையம் என் கையில், லென்ஸ் தோழி கையில், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பொடி. கேட்கவே தேவையில்லை, தோழியே எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டாள்.

“பவுடர் பூசி இதுக்கென்ன பொண்ணு பாக்கவா வராங்க?” என்றாள் அக்கா. அவள் முகம் மட்டும் சிரிக்கவில்லை. லென்ஸை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, பையிலிருந்த ரப்பர் ஊதியால் பொடியை ஊதினாள். மெல்லிய பிரஷ்ஷால் இடுக்கு இடுக்காகத் தட்டினாள். கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். வளையத்தை மாட்டி, திருகை இறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினாள். கரும்பு லோடு டிராக்டர் ஒன்று பெண்ணாடம் பக்கமாகப் போகிற சத்தம் மட்டும் ரோட்டிலிருந்து கேட்டது.

பிறகு எழுந்து குட்டையின் அடுத்த முனைக்குப் போய், லென்ஸை எங்கள் பக்கம் திருப்பி ஒரு படம் எடுத்தாள். திரும்பி வந்து திரையில் அதைப் பெரிதாக்கினாள். தோழியின் உள்ளங்கைகள். ரேகை ரேகையாகப் பவுடர். நகக்கண்ணில் காய்ந்த மண் துணுக்குகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

அக்கா அதுவரை பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். “ஒண்ணும் ஆவல. எனக்கு அங்க இன்னும் வேல இருக்குது.” அப்புறம் என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். வலித்தது. அவ்வளவு நிம்மதியாக நான் குட்டு வாங்கியதே இல்லை.

மீன்கொத்திப் படத்தையும் பார்த்தாள். “கொம்பு சாஞ்சிருக்குது” என்று மட்டும் சொன்னாள்.

“நீ ஏன்டி இன்னும் கைய ஏந்திக்கினு நிக்கிற?” என்று தோழியைக் கேட்டாள்.

“நீங்க பையில வெக்கிற வரைக்கும் இப்படித்தான்க்கா.”

லென்ஸ் பைக்குள் போய், ஜிப் கடைசிவரை மூடிய பிறகுதான் அவள் கையை இறக்கினாள். அப்போதுதான் பார்த்தேன், நானும் ஏந்திக்கொண்டுதான் நின்றிருந்தேன்.