விசிலுக்கு எழாத புரூனோ

போன சனிக்கிழமை காலை எங்கள் வீட்டில் விசில் சத்தம் கேட்டது. புரூனோ எழுந்திருக்கவில்லை.

விவரம் சொல்லிவிடுகிறேன். புரூனோ எங்கள் லாப்ரடார்; ஏழு மாதக் குட்டி. விசில் ஊதியவர் என் கணவர் — பள்ளியில் பி.டி. மாஸ்டர். கே.கே. நகரில் மற்றவர்கள் நாயை வாக்கிங் கூட்டிப்போவார்கள். இவர் கோச்சிங் கூட்டிப்போவார்! ஸ்கூட்டர் முன்னால், புரூனோ பின்னால்... கேட்டால், "எலும்பு உரமேற வேண்டாமா?" என்பார். போதாததற்குத் தினமும் ஆட்டுக்கால் சூப், கால்சியம் டானிக் வேறு.

அன்று அவனுடைய வலது முன்னங்கால் தரையில் படவே இல்லை. முந்தின நாள் இடது காலை நொண்டியவன். தொட்டால் அலறினான். காலத்துக்கும் நொண்டியாகிவிடுவானோ?

கிளினிக்குக்கு ஓடினோம். எக்ஸ்ரே எடுத்த டாக்டர் சின்னப் பெண். "குட்டிக்கு என்னென்ன பண்றீங்க சார்?" என்றார். இவர் பெருமையாக அடுக்கினார். ஸ்கூட்டர் பேச்சு வந்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது.

"வளர்ற எலும்போட நுனி இன்னும் குருத்தாத்தான் இருக்கும் சார். கெட்டியாக ஒரு வயசாவது தாண்டணும். அதுக்குள்ள தார் ரோட்டுல இம்புட்டு ஓடவிட்டா மூட்டு என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப... நான்தான் இவன் காலைக் கெடுத்துட்டேனா மேடம்?"

மைதானமே அதிரக் கத்துகிறவரிடமிருந்து அப்படியொரு குரலை நான் கேட்டதே இல்லை.

டாக்டர் படத்தை இன்னொரு முறை பார்த்தார். "இல்ல சார். எங்கயும் ஒடியல, மூட்டும் நல்லா இருக்கு. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு வளர்ற வயசுல வர்ற எலும்பு வலி இது. கால் மாத்திக் கால் வரும், தானாப் போயிரும். வலிக்கு மருந்து தாரேன். ஓட்டம், சூப், டானிக் எல்லாத்தையும் நிறுத்துங்க. குட்டிகளுக்குன்னு விக்கிற தீனியிலயே வேண்டிய கால்சியம் இருக்கு. அதிகமானா அதுவே எலும்பைக் கெடுக்கும்."

அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இவரோ கிளினிக்கில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் புரூனோவின் கழுத்தில் முகம் புதைத்து அழுதுவிட்டார்.

வளர்வதே ஒரு குட்டிக்கு முழுநேர வேலை. அதற்கு மேல் ஓவர்டைம் வாங்கியே தீருவேன் என்றால் எப்படி? பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக விரட்டும் பெற்றோரே... உங்களைச் சொல்லவில்லை!

கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு மாடிப்படி ஏறவிடாதீங்க."

எங்கள் வீடு இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அரிசி மூட்டை கனத்தில் இருக்கும் புரூனோவை இவர்தான் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குகிறார். குட்டி இப்போது ஜோராக நடக்கிறான்.

நொண்டுவது மாஸ்டர்தான்.