கண்ணையன் போட்ட ரேட்டு

"பஸ்ஸு இப்பைக்கி வராதுங்க. வந்துட்டா ஒண்ணுக்கு அஞ்சு தரேன், யாரு எடுக்கறீங்க?" என்று டீக்கடை பெஞ்சில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார் கண்ணையன். திருப்பத்தில் பஸ்ஸின் நெற்றி தெரிந்ததும் குரல் மாறிவிடுகிறது. "ஒண்ணுக்கு ஒண்ணு! இல்ல, முடிஞ்சிபோச்சு, கடை மூடியாச்சு!" பஸ் வந்து நிற்பதற்குள் மனுஷன் பந்தயக் கடையைச் சாத்திவிட்டார். எடுத்தவர் ஒருவரும் இல்லை, கொடுத்தவருக்கும் நஷ்டமில்லை. தினமும் இதே கூத்துதான்.

மழை வருமா, செகண்ட் ஷிஃப்டுக்கு சூப்பர்வைசர் வருவாரா, எதிர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த வரனாவது அமையுமா, எல்லாவற்றுக்கும் அவரிடம் ரேட் உண்டு. காசு மட்டும் வாங்க மாட்டார். "இங்க காசு வெச்சா போலீசுங்க. வாயில வெச்சா வெறும் பேச்சு" என்பார். நான் நெய்வேலிக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிக்காரன் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் அண்ணாச்சி. வயதில் அவர்தான் மூத்தவர். சொன்னால் கேட்டால்தானே!

அவருக்கு வாரத்தில் ஐந்து நாள் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை வாரிப்போடும் கான்ட்ராக்ட் வேலை. குதிரை ஓடும் நாள்களில் ஆளை மாற்றிவிட்டுச் சென்னைக்கு பஸ் ஏறிவிடுவார். கிண்டி ரேஸ் மைதானத்துக்குள் லைசென்ஸ் வாங்கிப் பந்தயக் கடை போட்டிருக்கும் ஒரு புக்கியிடம், போர்டில் ரேட்டை அழித்து அழித்து எழுதுகிற வேலை. பக்கத்து ஊரான வடக்குத்தில் அவர் வீட்டுக் கூரை ஓட்டிலிருந்து தளமாக மாறியது அந்தச் சாக்பீஸால்தான். அதனால் அந்த இடத்தை அவர் விட்டுக்கொடுத்ததே இல்லை, காய்ச்சலோடுகூடப் போய் நின்றிருக்கிறார்.

"குதிரை காலைப் பாத்தா ரேட்டு போடுவீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! "காலைப் பாத்தா கடை நடக்குமா அண்ணாச்சி? கையைப் பாக்கணுங்க. காசு புடிச்ச கை எந்த நம்பருக்கு நீளுதோ, அத முதலாளி கொறைப்பாரு. அஞ்சு மூணாவும். கை நீளாத நம்பரு எல்லாம் ஏறும், அப்பத்தான் அதுங்களுக்கும் ஆளு வரும். பக்கத்துக் கடைக்காரன் கொறைச்சா நாமளும் கொறைக்கணும், இல்லாட்டி அந்தக் கூட்டம் பூரா நம்மகிட்ட வந்து வுழும். எது ஜெயிச்சாலும் முதலாளி பொழைக்கணும், அதாங்க ரேட்டு." ஒருத்தர் எடுத்துவிட்டால் போர்டை விரல் முட்டியால் இரண்டு தட்டு. அதற்குப் பிறகு ரேட் எவ்வளவு இறங்கினாலும், எடுத்தவருக்கு எடுத்த ரேட்தான்.

இத்தனை வருஷம் கிண்டியில் நின்றவர் ஒரு ரேஸைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை என்றால் நம்புவீர்களா? "ட்ராக்குக்கு முதுகைக் காட்டிகினு, ஜனத்தைப் பாத்துகினு நிக்கிற வேலைங்க. சத்தம் கெளம்புச்சின்னா குதிரை வந்துடுச்சின்னு அர்த்தம்."

இந்த முதுகு இருக்கிறதே, இதுதான் அவர் வீட்டில் தகராறு. மகள் எழில்மதி பிளஸ் டூ படிக்கிறாள், எண்ணூறு மீட்டர் ஓடுகிறாள். அவள் போட்டிகள் எல்லாம் சனி, ஞாயிறில் வரும். அப்பா கிண்டியில் இருப்பார். பெண் ஓடி ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை. "பாத்தா மட்டும் வேகமா ஓடிடுமா?" என்று சமாதானம் வேறு. எனக்கே பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, மழையில் ட்ராக் ஊறிப்போய் கிண்டியில் ரேஸ் ரத்து. அன்றைக்குத்தான் நம் டவுன்ஷிப் மைதானத்தில் பள்ளிகளுக்கான ஓட்டப்போட்டி. எழில்மதி கையைப் பிடித்து இழுக்காத குறையாக அப்பாவை அழைத்துவந்து காலரியில் உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். உட்கார்ந்தவர் சும்மா இருப்பாரா? டீக்கடைக் கூட்டம் முழுக்க அங்கேதான் இருந்தது. எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று, ஆரம்பித்துவிட்டார்.

டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் பெண் ஹரிணிக்குத் தனி கோச், காலில் ஸ்பைக் ஷூ. காலரியில் பாதி வாய் அவள் பெயரைத்தான் சொன்னது. "ஹரிணி, ஒண்ணுக்கு ஒண்ணு! பண்ருட்டிப் பொண்ணு மூணு!" எழில்மதி பெயரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத பெயர் ஏறும். ஐந்து, எட்டு, கடைசியில், "எழிலு, ஒண்ணுக்கு பத்து!"

"உம்ம சொந்த மகளய்யா!" என்று கத்தினேன்.

"ரேட்டுல ஏதுங்க சொந்தம்?"

"நான் எடுக்கறேன்" என்றது ஒரு குரல். நெஞ்சில் நம்பர் குத்திய துணியோடு எழில்மதி காலரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருந்தாள்.

"நீ என்னாத்தடி எடுக்கற?"

"ஒண்ணுக்கு பத்து. தோத்தேன்னா அடுத்த போட்டிக்குப் போவாம வூட்டுல கெடக்கறேன். ஜெயிச்சேன்னா பத்து ரேஸ் நாளு நீ கிண்டிக்குப் போவக் கூடாது. நான் ஓடற எடத்துல வந்து நிக்கணும்."

கண்ணையன் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. பத்து நாள் போகாவிட்டால் கிண்டியில் இடம் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனால் போட்ட ரேட்டை வாயை மூடி விழுங்குகிறவன் புக்கியே இல்லை என்று எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! காலரிப் படியில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். "எடுத்தாச்சு, போ."

அவள் போனதுதான் தாமதம், "எனக்கும் எழிலு மேல!" என்றார் டீக்கடை கலியமூர்த்தி. அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர். "ஏழு! அஞ்சு! இனிமே மூணுதான்!" என்று கண்ணையன் இறக்கிக்கொண்டே வந்தார். துப்பாக்கி வெடித்ததை அவர் கவனித்த மாதிரியே தெரியவில்லை. முதல் சுற்றில் பின்தங்கிய அந்தப் பெண், இரண்டாம் சுற்றின் கடைசித் திருப்பத்தில் ஹரிணியின் தோளுக்கு வந்தாள். கழுத்து நரம்பு புடைக்க, வெறுங்காலோடு, விடவே மாட்டேன் என்று ஓடினாள். காலரியே எழுந்து நின்று அலறியது. அலறலைக் கேட்ட பிறகுதான் அந்த மனுஷன் என்னிடம், "யாருங்க?" என்றார்.

"திரும்பிப் பாரும்!" என்றேன். திரும்பியபோது எழில்மதி கோட்டைத் தாண்டித் தரையில் விழுந்து கிடந்தாள். முதலாவதாக வந்திருந்தாள். அதையும் அவர் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சாக்பீஸ் இல்லாத வெறும் விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் டீக்கடையில் இருந்தே முதலாளிக்கு போன் போட்டார். அந்தப் பக்கம் விழுந்த திட்டு பெஞ்சு முழுக்கக் கேட்டது. வேறு ஆளை நிறுத்திவிடுவேன் என்கிறார் முதலாளி. "நிறுத்திக்குங்க முதலாளி. அவ எடுக்கும்போது பத்து இருந்துது. பத்து குடுத்துதான் ஆவணும்." வைத்துவிட்டு, ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். "பத்து நாளு கழிச்சிப் போயி கேட்டா எடம் திரும்பக் கெடைக்குமாய்யா?" என்று கலியமூர்த்தி கேட்டார். இதற்கு மட்டும் கண்ணையனிடம் ரேட் இல்லை.

பத்தில் முதல் நாள் கடலூரில். டீக்கடைக் கூட்டமும் வேன் பிடித்துப் போயிருந்தோம். பெண்கள் கோட்டில் வந்து நின்றதும் பின்னாலிருந்து கலியமூர்த்தி குரல் கொடுத்தார்: "கண்ணையா, எழிலு என்னா ரேட்டு?"

கண்ணையன் எங்களுக்கு முதுகைக் காட்டி, வேலிக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, ட்ராக்கைப் பார்த்து நின்றார்.