லைனில் கேட்க ஒரு டிஜிட்டல் ரேடியோ

"மெக்கானிக் இல்லீங்களா?"

என் கடைக்கு முதல் தடவை வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள். கையில் டெஸ்ட் லேம்ப்பும் வாயில் இன்சுலேஷன் டேப்புமாக ஏதாவது டாஷ்போர்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பேன். "இருக்குறாருங்க, உங்க முன்னாலதான் நிக்குறாரு" என்பேன்.

குன்னூரில் கார் ஸ்டீரியோ மாட்டும் வேலையில் எனக்கு இது இருபத்தாறாவது வருஷம். அன்னூரில் பிறந்து, கல்யாணமாகி மலை ஏறியவள் நான். வீட்டுக்காரர் பேட்டரி வேலை பார்த்தார், நான் கூடவே வயரிங் கற்றுக்கொண்டேன். அவருக்கு முழங்கால் வலி வந்து உட்கார்ந்த பிறகு கடை என் கைக்கு வந்தது. கேசட், சி.டி., பென் டிரைவ், டச் ஸ்கிரீன் எல்லாவற்றையும் மாட்டியும் கழற்றியும் ஆயிற்று. "இது உங்க வண்டிக்கு வேண்டாமுங்க" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பேர் உண்டு. அந்தப் பேரால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். எனக்குச் சறுக்கிய இடம் பிக்கட்டிப் பக்கம் ஒரு எஸ்டேட்.

1. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன்

ராசையா ஜீப் டிரைவர். மஞ்சூருக்கும் பிக்கட்டிப் பக்கத்து எஸ்டேட்டுகளுக்கும் ஆள் ஏற்றி இறக்குகிறவர். ஒரு திங்கட்கிழமை கடைக்கு வந்து, "அக்கா, நம்ம ஜீப்புக்கு டிஜிட்டல் ரேடியோ போடணும்" என்றார்.

டிஜிட்டல் ரேடியோ புது கார்கள் சிலவற்றில் கம்பெனியிலேயே வந்துவிடுகிறது. பழைய வண்டி என்றால் தனியாக ஒரு டப்பா வாங்கி, கூரையில் ஏரியல் நட்டு, ஸ்டீரியோவின் ஆக்ஸ் சொருகில் கொடுக்க வேண்டும். ராசையாவின் ஜீப்போ அவர் வயசுக்குக் கிட்டத்தட்ட ஈடு.

"எதுக்குப்பா? பாட்டுக்கு பென் டிரைவ் இருக்குது. பேச்சுக்கு எஃப்.எம். இருக்குது."

"எஃப்.எம். கரகரங்குதுக்கா. அதுவுமில்லாம இந்த நிகழ்ச்சி டிஜிட்டல்ல மட்டும்தான் வருமாம்."

"என்ன நிகழ்ச்சி?"

அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. "எங்க வீட்டுக்காரம்மா பேசுறாங்க."

ராசையாவின் மனைவி பரமேஸ்வரி கொழுந்து பறிப்பவர். ரேடியோக்காரர்கள் தோட்டத்துப் பெண்களைப் பேச வைத்துப் பதிவு செய்தபோது, பரமேஸ்வரியின் பேச்சு பிடித்துப்போய் அவருக்கு மட்டும் ஐந்து நிமிஷம் ஒதுக்கிவிட்டார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஒரே ஒரு தடவை ஒலிபரப்பு. மறு ஒலிபரப்பு கிடையாது.

"யாருமே நம்ப மாட்டேங்குறாங்கக்கா. தோட்டத்துல வேலை வாங்குற மேஸ்திரியம்மா செல்லம்மா இருக்காங்களே, அவங்க 'ஒன்னய யாருடி ரேடியோவுல போடுவா, பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாங்க. ரெண்டு நாளா சரியா சாப்புடல இவ. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். ஞாயித்துக்கிழம எல்லாரும் காதால கேக்குற மாதிரி செஞ்சு காட்டுறேன்னேன்."

"போன்ல ஆப் இருக்குதே, அதுல கேட்டா ஆகாதா?"

"நம்ம லைன்ல டவர் எங்கக்கா இருக்கு? ரேடியோவ லைன்லதான் கேக்கணும்."

அந்த வார்த்தையை இளம் ஃபிட்டர்கள் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொன்னேன். "தம்பி, சாதா ரேடியோவுல சிக்னல் கொறஞ்சா கரகரன்னாவது கேக்கும். டிஜிட்டல் அப்புடி இல்ல. வந்தா முழுசா வரும், இல்லீன்னா சுத்தமா நின்னுரும். இந்த மலைக்குள்ள எங்க வரும் எங்க நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. வேண்டாமுங்கறேன்."

"லைன்ல வந்தா போதும்க்கா" என்றார் அவர் மறுபடியும்.

"செரி, மாட்டிப் பாக்கலாம். நானே கூட வந்து லைன் பூராவும் ஓட்டிப் பாக்குறேன். வரலீன்னா அங்கயே கழட்டிருவேன்."

"நீங்க ஒரு ஆள்தான்க்கா இப்படி!" என்று ராசையா கும்பிட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை.

2. வியாழக்கிழமை, நோட்டும் கையுமாக

டப்பா வந்தது. கூரையில் ஏரியல் நட்டு, பெயின்ட்டை நன்றாகச் சுரண்டி எர்த் பிடித்து, ஆல்டர்னேட்டர் இரைச்சல் உள்ளே வராமல் ஃபில்டர் போட்டேன். வியாழக்கிழமை முன் சீட்டில் நோட்டோடு உட்கார்ந்தேன். மஞ்சூரில் வர்க்கி பிஸ்கட்டும் டீயும் ஆனதும் கிளம்பினோம். ஒவ்வொரு வளைவிலும் ஸ்கிரீனைப் பார்த்து எழுதினேன். பள்ளிக்கூட வளைவு, ஃபுல். கோயில் ஏற்றம், முக்கால். கேரட் கழுவுகிற இடம், நின்றது. எஸ்டேட் கேட்டுக்கு முந்தின கல்வெர்ட்டு வளைவு, ஃபுல்.

கேட் வரை போய்த் திரும்பிவிட்டோம். ரூட் முழுக்க இரண்டே இடத்தில்தான் நின்றது. சமவெளியிலிருந்து கிளம்பின அலை இத்தனை மலை தாண்டி வந்து தண்ணீர் மாதிரி சுத்தமாகக் கேட்கிறது! எனக்கு வாயெல்லாம் பல். "ஏனுங்க ராசையா, உங்க லைன் பாஸ் ஆயிருச்சு!" என்றேன். அவரும் சந்தோஷமாகத் தலையாட்டினார். உள்ளே போய்ப் பார்க்கவில்லையே என்று கேட்க அவருக்குக் கூச்சம், அக்காவுக்குத் தெரியாததா என்ற நம்பிக்கை. "ஞாயித்துக்கிழம நீங்களும் வரணும்க்கா. லைன்ல எல்லாரும் ஒங்களப் பாக்கணும்ங்குறாங்க" என்றார்.

வழியில் ஏறுகிற பயணிகள் என்னைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எவ்வளவு நினைப்பு பாருங்கள்.

3. இதுவா லைன்?

ஞாயிற்றுக்கிழமை ஒரே மூடுபனி. நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு மஞ்சூரில் ஜீப்பில் ஏறினேன். வண்டி கேட்டுக்குள் நுழைந்து பள்ளத்தில் இறங்கி, வரிசையாக ஓடு போட்ட வீடுகளுக்கு முன்னால் நின்றது. ராசையா இன்ஜினை அணைத்தார்.

"ஏம்ப்பா நிறுத்திட்ட? பத்தரை ஆச்சு, லைன்ல ஓட்ட வேண்டாமா?"

"வந்துட்டோம்க்கா. இதான நம்ம லைன்."

ஜீப்பிலிருந்து இறங்கி அந்த வீட்டு வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தேன்.

எஸ்டேட்டில் லைன் என்றால் தொழிலாளர் குடியிருப்பு வரிசை என்பது எனக்குத் தெரியாதா? இருபத்தாறு வருஷமாகத் தெரியும். ஆனால் டிரைவர்கள் வாயில் லைன் என்றால் வண்டி ஓடுகிற ரூட். டிரைவர் ஒருவர் ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, ஜீப்புக்கு ரேடியோ கேட்டு, லைன் என்றால் என் காதில் ரூட் என்றுதான் விழுந்தது. பழைய ஆட்கள் மாதிரி அவர் 'லயம்' என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் தப்பித்திருப்பேன்.

ஐம்பது அறுபது பேர் கூடியிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பெரிய பாத்திரம் நிறைய டீ. நடுவில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு பரமேஸ்வரி. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. "பயமா இருக்குக்கா. வந்துருமில்ல?"

நான் ரேடியோவைப் போட்டேன். ஸ்கிரீனில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது.

ஏரியலைத் திருகினேன். இல்லை. அண்ணாந்து பார்த்தேன். பவர் ஹவுஸிலிருந்து வருகிற ஹை டென்ஷன் கம்பிகள் கூரைகளுக்கு நேர் மேலே உய்யென்று இரைந்துகொண்டு போயின. அதற்கடியில் எந்த ரேடியோதான் எடுக்கும்?

"என்னக்கா?" என்றார் ராசையா மெதுவாக.

"லைனுக்கு மேல லைன் போகுதுப்பா. நான் பாத்தது வேற லைனு. தப்பு என்னுதுதான்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யார் மேலாவது எரிந்து விழலாம் என்றால் என்னைத் தவிர ஆளில்லை.

செல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "என்ன பரமு, ஒம் பேச்சு வர்ற வழியில எங்கயோ கொழுந்து பறிக்க எறங்கிருச்சு போல!"

எல்லோரும் சிரித்தார்கள். பரமேஸ்வரி சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பையிலிருந்த நோட்டைப் புரட்டினேன். கல்வெர்ட்டு வளைவு, ஃபுல். நடந்தால் பத்து நிமிஷம்.

"ராசையா, வண்டிய எடு! எல்லாரும் வாங்க, சேரைத் தூக்கிக்கங்க!"

அப்புறம் நடந்தது ஒரு தேர்த் திருவிழா. முன்னால் முதல் கியரில் ஜீப். பின்னால் தலையில் நாற்காலியைக் கவிழ்த்துக்கொண்டு பெண்கள், டீப் பாத்திரத்தை ஆளுக்கொரு காதாகப் பிடித்தபடி இரண்டு பேர், மூடுபனிக்குள் "பாத்துடி, கால்ல அட்டை ஏறுது!" என்று கூச்சல். கல்வெர்ட்டில் ஜீப் நின்றபோது பதினொன்றாக ஒரு நிமிஷம். ஸ்கிரீனைப் பார்த்தேன். ஃபுல்!

4. காட்டெருமை

"அடுத்து, தேயிலைத் தோட்டத்திலிருந்து பரமேஸ்வரி பேசுகிறார்" என்றது ரேடியோ.

ஒரு சத்தம் எழுந்தது பாருங்கள், மலையே திரும்பிப் பார்த்திருக்கும். பரமேஸ்வரி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, இது நானா? எங்க பெரியக்கா மாதிரியில்ல பேசுறேன்!" ராசையா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அழுதுகொண்டே சிரித்தார்.

ஒரு நாள் கொழுந்து பறிக்கிற செடி வரிசையில், அவர்கள் வாயில் நிரையில், காட்டெருமை வந்து எதிரே நின்ற கதையைப் பரமேஸ்வரி சொல்லிக்கொண்டிருந்தார். "அது என்னயப் பாத்துச்சு. நான் அதப் பாத்தேன். ஓடவும் முடியல. நான் என்ன பண்ணேன்னா..."

ரேடியோ நின்றுபோனது.

"ஐயோ!" என்று அத்தனை பேரும் கத்தினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கோஸ் மூட்டை ஏற்றிய பிக்கப் ஒன்று ஜீப்புக்குப் பின்னால் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. மூடுபனிக்காக பம்பரிலும் கூரையிலும் எல்.இ.டி. லைட்டை எரியவிட்டிருந்தார் டிரைவர். மலிவு எல்.இ.டி. பக்கத்தில் வந்தால் ரேடியோ செத்தது. தொழிலில் ஊறின எனக்கு உடனே புரிந்துவிட்டது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினேன். "ஏனுங்க, லைட்ட அமத்துங்க! அமத்துங்க சொல்றேன்!"

அவர் மிரண்டுபோய்ச் சுவிட்சைத் தேடுகிற நேரத்தில், எனக்குப் பின்னால் பரமேஸ்வரியின் குரல் கேட்டது. இந்தத் தடவை ரேடியோவிலிருந்து வரவில்லை. வாயிலிருந்து கையை எடுத்துவிட்டு, நடுரோட்டில் நின்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான் என்ன பண்ணேன்னா, கூடைய எறக்கி வெச்சேன். 'மேஸ்திரியம்மா! இன்னைக்கி நம்ம நிரையில ஆள் ஒண்ணு கூட இருக்கு, பேரு எழுதிக்கங்க'ன்னு ஒரே கத்தா கத்துனேன். அந்தச் சத்தத்துல காட்டெருமை ஒரு பக்கம் ஓடுது..."

லைட் அணைந்தது. ரேடியோ உயிர் பெற்றது. "...மேஸ்திரியம்மா ஒரு பக்கம் ஓடுறாங்க!"

ரேடியோ பரமேஸ்வரியும் ரோட்டுப் பரமேஸ்வரியும் அந்த வரியை ஒன்றாகச் சொல்லி முடித்தார்கள். ஒரு எழுத்து முன்னே பின்னே இல்லை.

சிரித்து சிரித்து நாற்காலியிலிருந்து விழுந்தவர்கள் உண்டு. பிக்கப் டிரைவர் இறங்கி வந்து டீ வாங்கிக் குடித்துக்கொண்டு மிச்சத்தையும் கேட்டார். செல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அடிப்பாவி, நான் ஓடுனத உலகத்துக்கே சொல்லிட்டியே!" என்று பரமேஸ்வரியின் கன்னத்தைக் கிள்ளினார். "இருடி, அடுத்த தடவ நான் போயிப் பேசுறேன். நீ மரத்துல ஏறுன கதைய விடுவேனா?"

எல்லாம் ஓய்ந்த பிறகு ராசையாவிடம் போனேன். "தம்பி, உங்க லைன்ல எடுக்காத டப்பா உங்களுக்கு எதுக்கு? நாளைக்குக் கொண்டாங்க, கழட்டித் தர்றேன்."

அவர் மனைவியைப் பார்த்தார். பரமேஸ்வரி டீ கிளாஸை என் கையில் திணித்தார். "எதுக்குக்கா கழட்டணும்? அது நடுவுல நின்னா நிக்கட்டும். நான் நின்னேனா?"

அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய?

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பாடம் சின்னது. எர்த் சுரண்டுவதும் ஃபில்டர் போடுவதும் ஆறு மாசத்தில் வந்துவிடும். வாடிக்கையாளர் சொல்கிற வார்த்தை நமக்குத் தெரிந்த வார்த்தையாக இருந்தால் இன்னும் ஒரு தடவை கேளுங்கள், வண்டி எங்கே நிற்கும் என்று போய்ப் பாருங்கள். வண்டிக்கு டிஜிட்டல் ரேடியோ போடலாமா என்று இப்போதும் ஆட்கள் வருகிறார்கள். சிக்னல், ஏரியல் எல்லாம் பிற்பாடுதான். "யாருங்க பேசப் போறாங்க?" என்பதுதான் என் முதல் கேள்வி. பலர் முழிக்கிறார்கள். யாராவது ஒருவர் வெட்கப்பட்டுச் சிரித்தால், நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வண்டியில் ஏறிவிடுகிறேன்.